மல்லேஸ்வரத்துக் கோடையும் நம் பிள்ளைகளின் ஆட்டங்களும்

பங்குனி கழிந்து சித்திரை பிறக்கும் நாள்களில், ஆண்டுத் தேர்வை முடித்த பிள்ளைகள் புத்தகப் பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டு, "இனி என்ன செய்வது?" என்னும் முகத்துடன் நம் எதிரே வந்து நிற்பார்கள். தாய்மார்களின் உள்ளத்தில் கவலையும், தந்தைமார்களின் உள்ளத்தில் செலவுக் கணக்கும் எழுவது அப்பொழுதுதான். முன்னாளில் இக்கேள்விக்கு விடை எளிது. 1864-ஆம் ஆண்டில் ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூர் தண்டு நிலையத்திற்கு இருப்புப்பாதை வந்தது. பின்னர் இந்நகரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறை என்றால் வண்டியேறித் தாத்தா வீட்டிற்குச் செல்வது என்றே பொருள். ஆற்று மணலும், மாந்தோப்பும், மாமன் வீட்டுத் திண்ணையும் இரண்டு திங்கள் நம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டன. இன்றோ ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. தாத்தாவும் பாட்டியும் நம்முடனேயே மல்லேஸ்வரத்திற்கு வந்துவிட்டனர். ஆகவே கோடையும் இங்கேயே கழிந்தாக வேண்டியிருக்கிறது.

சென்ற இரண்டு ஆண்டுகளாக நம் சங்கத்தின் செயற்குழுவில் இதையொட்டி ஒரு வழக்கு நடந்துவருவதை அன்பர்கள் அறிவார்கள். சித்திரை, வைகாசித் திங்கள்களில் நம் மண்டபத்தைத் திருமணங்களுக்கும் புடைவை விற்பனைக் கண்காட்சிகளுக்கும் வாடகைக்கு விட்டு வருகிறோம். ஆண்டின் வருவாயில் பெரும்பகுதி அந்த இரு திங்களில்தான் கிட்டுகிறது. "மண்டபம் வெறுமையாக இருக்கும் நாள்களிலேனும் அதைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடக் கூடாதா?" என்று சில தாய்மார்கள் கேட்டார்கள். "சுவர் அழுக்காகும், கண்ணாடி உடையும், பொறுப்பு யாருடையது?" என்று சிலர் மறுத்தார்கள். இரு பக்கத்தாரும் நல்ல நோக்கத்தினரே. இவ்வழக்கில் தீர்ப்புக் கூற யாம் முன்வரவில்லை. இவ்வட்டாரத்துப் பிள்ளைகள் முன்பு கோடையை எவ்வாறு கழித்தனர், அவர்களைப் பெரியோர் எவ்வாறு காத்தனர் என்று தேடிப் பார்த்தோம். கிடைத்தவற்றை இம்மலர் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

மல்லேஸ்வரம் என்னும் குடியிருப்பு உருவானதே உயிர் காக்கும் முயற்சியில்தான் என்பதை முதலில் நினைவிற் கொள்ள வேண்டும். 1898-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெங்களூருக்குள் பிளேக் என்னும் கொள்ளைநோய் புகுந்தது. பேட்டையின் நெருக்கமான சந்துகளில், காற்றும் வெளிச்சமும் இல்லாத வீடுகளில், அது தீயெனப் பரவிற்று. மக்கள் வீடுகளைப் போட்டது போட்டபடி விட்டு ஊருக்கு வெளியே கொட்டகைகளில் தங்கினர். இனி இவ்வாறு நெருங்கி வாழலாகாது என்று உணர்ந்த மைசூர் அரசு, வடக்கே மல்லேஸ்வரத்தையும் தெற்கே பசவனகுடியையும் புதிய குடியிருப்புகளாக வளர்த்தது. அகன்ற நேர்வீதிகள், குறுக்கு வீதிகள், வீட்டைச் சுற்றித் தோட்டம், பின்புறம் துப்புரவுக்கெனத் தனிச் சந்து என்று அனைத்தும் நோயை மனத்திற்கொண்டே வகுக்கப்பட்டன. காற்றோட்டத்துக்காக விடப்பட்ட அந்த வெற்றிடங்களே பிற்காலத்தில் பிள்ளைகளின் ஆடுகளங்களாயின.

மரங்களும் அத்தகையனவே. நம் இரு பெருந்தெருக்களின் பெயரைப் பாருங்கள். ஒன்று சம்பிகே சாலை, அதாவது செண்பகச் சாலை. மற்றொன்று மார்கோசா சாலை, அதாவது வேம்புச் சாலை. தெருவிற்கு மரத்தின் பெயர் வைத்தவர்கள் நிழலின் அருமையை அறிந்திருந்தார்கள். உள் வீதிகளில் கன்னடர் ஹொங்கே என்று வழங்கும் புங்கமரம் மிகுதி. கோடை முற்றும் நேரத்தில் மற்ற மரங்கள் பலவும் வாடி நிற்க, புங்கமோ புதுத் தளிர் விட்டுப் பசுங்குடை விரித்து நிற்கும். அதன் நிழல் வெறும் நிழலன்று, குளிர் நிழல் என்பதை அதன் கீழ்க் கோலியாடியவர்கள் அறிவார்கள்.

வட்டாரத்திற்குப் பெயர் தந்த காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கும் தமிழ்நாட்டிற்கும் உள்ள தொடர்பை இங்கே சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. அக்கோயிலைச் சார்ந்த 1669-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, மராட்டியத் தலைவர் ஏகோஜி அளித்த கொடையைக் கூறுகிறது. ஏகோஜி சிவாஜியின் மாற்றாந்தாய் மகன்வழித் தம்பி. பெங்களூர் அதற்கு முன் அவர் தந்தை ஷாஜியின் ஜாகீராக இருந்தது. இதே ஏகோஜிதான் 1670-களில் தஞ்சைக்குச் சென்று மராட்டிய அரசை நிறுவினார். மல்லேஸ்வரர்க்குக் கொடை தந்த கை தஞ்சையை ஆண்ட கை. இச்செய்தி ஒரு விளையாட்டின் வரலாற்றில் மீண்டும் நம்மை வந்து சந்திக்கும்.

இனிக் கோடைக்கு வருவோம். கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நகரில் வெயில் என்ன செய்துவிடும் என்று தஞ்சையிலும் வேலூரிலும் இருந்து வரும் நம் உறவினர் நகைப்பதுண்டு. ஓரளவு அது உண்மையே. ஏப்ரலில் பகல் வெப்பம் சராசரியாக 34 பாகை அளவில் நின்றுவிடும். மாலையில் காற்று வந்து உடலைத் தேற்றும். ஆயினும் 2016-ஆம் ஆண்டு ஏப்ரலில் வெப்பமானி 39.2 பாகையைத் தொட்டதை இந்நகரம் மறக்கவில்லை. மேட்டு நிலத்து வெயிலில் புழுக்கம் குறைவாதலால் வியர்வை உடனே உலர்ந்துவிடுகிறது. பிள்ளைக்குத் தன் உடலில் நீர் வற்றுவது தெரிவதில்லை. தலைவலி, சோர்வு, சிடுசிடுப்பு என்று அது வெளிப்படும்போது நாழிகை கடந்திருக்கும்.

இதைப் பழைய மல்லேஸ்வரத்துப் பாட்டிமார் நூல் படித்து அறியவில்லை. எனினும் அவர்கள் விதித்த கட்டளைகள் வியப்புக்குரியவை. காலை பத்து மணிக்கு மேல் தெருவில் கால் வைக்கலாகாது. மாலை நான்கு மணிக்கு முன் வாயிற்கதவு திறவாது. ஆடி வந்த பிள்ளைக்கு முதலில் நீர்மோர், பிறகே பேச்சு. இராமநவமியை ஒட்டி இந்நகரெங்கும் வழங்கப்படும் பானகமும் நீர்மோரும் கோசம்பரியும் வெறும் நிவேதனம் அல்ல. வெல்லமும் சுக்கும் ஏலமும் எலுமிச்சைச் சாறும் கலந்த பானகம், வியர்வையில் இழந்ததை மீட்டுத் தரும் பானமாகும். உப்பிட்ட நீர்மோரும் அத்தகையதே. ஊறவைத்த பயற்றம்பருப்போடு வெள்ளரிக்காயைச் சேர்த்த கோசம்பரி, சமைக்காமலேயே வயிறு நிறைக்கும். பன்னாட்டுக் குளிர்பானங்களைக் காசு கொடுத்து வாங்கும் நாம், பிள்ளைகளின் விழாவில் ஒரு குடம் பானகம் கரைக்கச் சோம்புகிறோம்.

வெயிலேறிய அந்த ஆறு மணி நேரத்தைப் பிள்ளைகள் எவ்வாறு கழித்தனர்? திண்ணையிலும் கூடத்திலும் அமர்ந்து ஆடினார்கள். இங்குதான் மல்லேஸ்வரத்திற்கே உரிய ஓர் அழகு விளங்குகிறது. ஒரே வரிசையில் கன்னடரும் தமிழரும் தெலுங்கரும் கொங்கணியரும் குடியிருந்தமையால் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் இரண்டு மூன்று பெயர்கள் வழங்கின. நம் பாட்டி பல்லாங்குழி என்றெடுத்து வைத்த பலகையை அடுத்த வீட்டு அஜ்ஜி அளகுளி மணெ என்பார். குழிகள் அதே பதினான்கு. நம் பாண்டி அவர்களுக்குக் குண்ட்டெபில்லெ. நம் பம்பரம் அவர்களுக்கு புகுரி. ஏழாங்கல் அவர்களுக்கு லகோரி. நம் ஆடுபுலி ஆட்டத்தில் அங்கும் ஆடு ஆடுதான். புலி மட்டும் ஹுலியாகிவிடும். தாயத்தோடு உறவுடைய சௌகாபாரத்தை இருபத்தைந்து கட்டம் வரைந்து, சோழிகளை உருட்டி ஆடினர். சோழி கிடைக்காத வீடுகளில் புளியங்கொட்டையைக் கல்லில் தேய்த்து ஒரு பக்கம் வெளுப்பாக்கிக்கொண்டனர். தமிழ்ப் பிள்ளைகள் கன்னடம் கற்றது பள்ளியில் என்று பலர் எண்ணுகின்றனர். எம் அனுபவத்தில், எதிராளி சோழியைத் திருட்டுத்தனமாகப் புரட்டும்போது வாய்ச்சண்டை போடுவதற்காகவே அவர்கள் முதலில் கன்னடம் கற்றார்கள்.

இத்தகைய கூடத்து ஆட்டங்களைச் சிறுவர்க்கு உரியவை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. மைசூர் மன்னர் மும்முடி கிருஷ்ணராஜ உடையார் அவ்வாறு எண்ணவில்லை. 1794 முதல் 1868 வரை வாழ்ந்த அவர், ஆட்சிப் பொறுப்பை ஆங்கிலேயர் பறித்துக்கொண்ட பின் தம் காலத்தைக் கலைக்கும் நூலுக்கும் செலவிட்டார். அவர் தொகுப்பித்த ஸ்ரீதத்துவநிதி என்னும் பெருநூலின் ஒன்பது பகுதிகளுள் இறுதியானது கௌதுகநிதி. அதன் பொருள் விளையாட்டுகளே. சதுரங்கக் குதிரை, ஒரு கட்டத்தையும் இருமுறை மிதியாமல் பலகை முழுவதையும் சுற்றி வரும் வழிகளைக் கண்டறிவதில் அவர் பெருவிருப்பங் கொண்டிருந்தார். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையின் சுவர்களில் அவர் காலத்து ஆட்டப் பலகைகள் ஓவியமாக இருப்பதை இன்றும் காணலாம். கோடையில் மைசூருக்குச் செல்லும் குடும்பங்கள் மிருகக்காட்சிச் சாலையோடு திரும்பாமல் அச்சுவர்களையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். குதிரையின் சுற்றை ஒரு காகிதத்தில் வரையச் சொன்னால், ஓர் உச்சிப்பொழுது ஓசையின்றிக் கழியும் என்பது யாம் கண்ட உண்மை.

தெரு ஆட்டங்களுள் கிட்டிப்புள்ளைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. இங்குச் சின்னிதாண்டு என வழங்கும் அது மிக இனிய ஆட்டம். ஆனால் எகிறும் புள் கண்ணைத் தேடி வரும். பழைய நாளில் அதற்கென வீதியின் கோடியில் வெறுந்திடல் இருந்தது. பார்ப்பவர் அனைவரும் அடிப்பவனின் முதுகுப்புறம்தான் நிற்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. திடல் போய்விட்ட இடத்தில் விதி மட்டும் போதாது. இரு பக்கமும் சீருந்துகள் நிற்கும் குறுக்கு வீதியில் அவ்வாட்டம் வேண்டாம்.

நீருக்கு வருகின்றோம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சத்திற்குப் பின், நகரின் நீர்த்தேவையை நிறைவு செய்ய 1882-இல் ரிச்சர்டு சாங்கி என்னும் பொறியியல் அதிகாரியால் அமைக்கப்பட்டதே நம் சாங்கி ஏரி. 1870-இல் கப்பன் பூங்காவை வகுத்தவரும் இவரே. ஏறத்தாழ முப்பத்தேழு ஏக்கர் பரப்புள்ள அவ்வேரியின் அருகே அரசின் சந்தனமரக் கிடங்கு இருந்தமையால், அதைக் கந்தத கோட்டி கெரெ என்றும் வழங்கினர். 1896-இல் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் நீர் வந்த பிறகு ஏரியின் பழைய பணி குறைந்தது. ஆனால் கோடை மாலையில் அதன் கரையில் வீசும் காற்றிற்கு ஈடாக எந்தக் குழாயும் எதையும் கொண்டு வரவில்லை.

ஏரி அழகியது, ஆழமுடையது. நீர்நிலை ஒவ்வொன்றுக்கும் ஒரு துயரக் கதை உண்டு என்பதால்தான், நீச்சல் அறியாத பிள்ளையைப் படித்துறைக்கும் விடாத வழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த எம் பாட்டனார், காவிரியில் நீந்தப் பழகாத பேரனை ஆண்மகன் என்றே ஒப்பமாட்டார். ஆனால் முதுகில் சுரைக்குடுவை கட்டாமல், தாமோ தம் தம்பியோ இடுப்பளவு நீரில் நிற்காமல், ஒரு பிள்ளையும் ஆற்றில் இறங்க அவர் இசைந்ததில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் நீரில் மூழ்கி இறந்தோர் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர். ஐந்து முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளின் இறப்புக்குரிய காரணங்களுள் இது மூன்றாவதாக நிற்கிறது. அச்சுறுத்த இதைக் கூறவில்லை. சாங்கி ஏரிக்கு அண்மையிலேயே மாநகராட்சியின் நீச்சல் குளம் உள்ளது. கோடையில் பயிற்றுநரிடம் நீந்தக் கற்ற பிள்ளைக்கு அந்தத் திறமை வாழ்நாள் முழுவதும் துணை நிற்கும். குளத்தருகே அமரும் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்: மூழ்கும் பிள்ளை கூவி அழைப்பதில்லை; பெரும்பாலும் ஓசையின்றியே மூழ்கும். கையிலுள்ள தொலைபேசியைப் பையில் வைத்துவிட்டுக் கண்ணை நீரில் வைத்திருங்கள்.

இனி நம் மண்டப வழக்கிற்கு மிக நெருங்கிய செய்தி. கடற்கரைக் கன்னட மாவட்டங்களிலிருந்து நம்மைப் போலவே பிழைப்புக்காகவும் கல்விக்காகவும் வந்து இங்குக் குடியேறிய கொங்கணி மொழியினர், மல்லேஸ்வரத்தில் கெனரா யூனியன் என்னும் சங்கத்தை அமைத்தனர். அவர்களுக்கும் ஒரு மண்டபம் இருந்தது. அங்கும் திருமணங்கள் நடந்தன. ஆனால் திருமணம் இல்லாத நாள்களில் அதே தரையில் இறகுப்பந்து ஆடினார்கள். பந்தலும் மணையும் எடுக்கப்பட்டதும் வலை கட்டப்படும். நாதசுரம் ஒலித்த இடத்தில் பந்து தட்டும் ஓசை கேட்கும். முகூர்த்த நாள்கள் தொடர்ந்து வந்தால், பிள்ளைகள் மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விருந்து முடிவதற்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

அவ்வாறு காத்திருந்த பிள்ளைகளுள் ஒருவர் 1955-இல் பிறந்த பிரகாஷ் படுகோன். அவர் தந்தையார் ரமேஷ் படுகோன் மைசூர் இறகுப்பந்துக் கழகத்தின் செயலாளராகப் பல ஆண்டுகள் தொண்டாற்றியவர். 1962-இல் மாநிலச் சிறுவர் போட்டியில் இறங்கிய பிரகாஷ் முதற் சுற்றிலேயே தோற்றார். ஆயினும் மண்டபம் அவருக்கு மூடப்படவில்லை. 1978-இல் காமன்வெல்த் விளையாட்டுகளில் தங்கப் பதக்கம் பெற்றார். 1980-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் இலண்டனில் இந்தோனேசியாவின் லியெம் சுவீ கிங்கை வென்று, ஆல் இங்கிலாந்து பட்டத்தை முதன்முதலாக இந்தியாவிற்குக் கொண்டுவந்தார். அந்த வெற்றியின் முதற் செங்கல் நம் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், ஒரு குடியேறிய சமூகத்தின் கல்யாண மண்டபத்தில் வைக்கப்பட்டது. மண்டபத்தின் சுவர்கள் அந்நாளில் எத்துணை அழுக்காயின என்று எவரும் குறித்து வைக்கவில்லை.

கோடை நோக்கில் இம்மண்டபத்திற்கு ஒரு சிறப்பு உண்டு. உச்சிப்பொழுதிலும் வெயில் படாது, தெருவண்டி வராது, ஒரே வாயில் ஆதலால் ஒரு பெரியவர் நாற்காலியிட்டு அமர்ந்தால் முப்பது பிள்ளைகளைக் காவல் காக்க முடியும். இறகுப்பந்திற்குக் காற்று பகை. ஆகவே அடைத்த கூரையே அதற்கு ஏற்றது.

வெளித்திடல் கிடைத்தால் நம் நாட்டு ஆட்டம் ஒன்றையே யாம் பரிந்துரைப்போம். அதுதான் பூப்பந்து. மஞ்சள் நிறக் கம்பளி நூலால் சுற்றிய, முப்பது கிராம் எடைக்கும் மிகாத பந்து, பக்கத்துக்கு ஐவர், இருபத்து நான்கு மீட்டர் நீளமும் பன்னிரண்டு மீட்டர் அகலமும் உள்ள களம். இவ்வாட்டத்தை 1856-ஆம் ஆண்டிலேயே தஞ்சை அரச குடும்பத்தினர் ஆடி வந்தனர் என்று விளையாட்டு வரலாறு கூறுகிறது. தஞ்சை அரச குடும்பம் எது? காடு மல்லேஸ்வரர்க்குக் கொடை அளித்த ஏகோஜியின் வழியினரேயன்றோ! ஆண் வாரிசின்றி மன்னர் மறைய, கும்பினியார் நாட்டைத் தம்முடையதாக்கிக்கொண்ட நேரம் அது. அரசு போன பின்னும் அரண்மனை முற்றத்தில் பந்து நின்றது போலும். சென்னை மாகாணமெங்கும் பரவிய அவ்வாட்டம் மைசூர் நாட்டிலும் வேரூன்றியது. 1954-இல் அதற்கென அகில இந்தியக் கூட்டமைப்பு ஏற்பட்டது. ஒரே களத்தில் பத்துப் பிள்ளைகள் ஆடலாம்; பந்து பட்டால் காயமில்லை; செலவும் சிறிது. மாலை நான்கரை மணிக்கு மேல், களத்தில் நிழல் நீண்ட பின் தொடங்கினால் வெயிலாலும் தீங்கில்லை.

குடும்பத்தோடு செல்லத்தக்க மாலைப் பயணங்களைச் சுருக்கமாகவே கூறுகின்றோம். அவை அனைவரும் அறிந்தவை. லால்பாக்கில் உள்ள பாறை ஏறத்தாழ முந்நூறு கோடி ஆண்டுகள் பழமையுடையது. கெம்பே கௌடர் கோபுரம் அதன் உச்சியில் நிற்கிறது. காலை ஏழு மணிக்குள் ஏறி இறங்கிவிட வேண்டும், பாறை சுட்டால் பாதம் தாங்காது. 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய அத்தோட்டத்திற்கு 1908-இல் வந்த ஜெர்மானியர் கிரும்பீகல், ஒரு மரம் பூத்து ஓயும்போது மற்றொன்று பூக்கத் தொடங்கும்படி நகரின் சாலைகளுக்கு மரங்களைத் தேர்ந்தெடுத்தவர். எந்த வாரம் எந்த மரம் பூத்தது என்று பிள்ளைகளை ஒரு சுவடியில் குறிக்கச் செய்தால், கோடை முடிவில் ஒரு சிறு தாவர நூல் அவர்கள் கையில் இருக்கும். கப்பன் பூங்காவின் ஜவகர் பால பவனும் அங்கு ஓடும் சிறு இரயிலும், அருகே உள்ள விசுவேசுவரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகமும் ஒரு நாளைக்குப் போதும். 1939 முதல் சாமராஜப்பேட்டையில் ஸ்ரீராமசேவா மண்டலியார் நடத்திவரும் இராமநவமி இசைவிழாவிற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல அஞ்ச வேண்டியதில்லை. பாட்டில் மனம் செல்லாத பிள்ளை பந்தலின் பின்வரிசையில் உறங்கிப் போவதும் அவ்விழாவின் மரபே.

சித்திரைப் பௌர்ணமியன்று நள்ளிரவில் தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும் கரகத்தைத் தமிழ்க் குடும்பங்கள் ஒருமுறையேனும் காண வேண்டும். மல்லிகைப் பூவால் மூடிய கரகத்தைத் தலையில் தாங்கித் திரௌபதியின் வடிவாக நடப்பவர் திகளர் குலத்தவர். தலைமுறை தலைமுறையாக இந்நகரின் தோட்டங்களை வளர்த்த அம்மக்களின் பேச்சில் தமிழின் சாயல் உண்டு. ஊர்வலம் தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்று செல்லும் காட்சி காணத்தக்கது. கூட்டம் பெரிது, சிறு பிள்ளையின் சட்டைப் பையில் தந்தையின் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள்.

ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் பிற்பகலில் திடீரென எழும் இடிமழையை மறக்கலாகாது. பெங்களூரின் பழைய மரங்கள் நிழல் தருவன போலவே, சூறைக்காற்றில் கிளையை முறித்தும் எறிவன. வானம் கறுத்ததும் பிள்ளைகளை மரத்தடியிலிருந்தும் ஏரிக்கரையிலிருந்தும் கூரைக்குள் அழைத்துவிட வேண்டும். நிறுத்தி வைத்த சீருந்துக்குள் ஒரு கணமும் பிள்ளையைத் தனியே விடலாகாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். மூடிய வண்டிக்குள் வெப்பம் ஏறும் வேகம் நாம் எண்ணுவதினும் மிகுதி.

அன்றைய மல்லேஸ்வரம் இன்றில்லை. வேலை முடித்த தொழிலாளர்கள் வெளிவந்த ராஜா மில்லின் இடத்தில் 2010-இல் மந்திரி ஸ்கொயர் என்னும் பேரங்காடி எழுந்தது. கோடைப் பிற்பகல்களில் நம் பிள்ளைகள் பலர் அங்கேதான் இருக்கின்றனர். அவர்களைக் குறை கூறோம். குளிர்ந்த காற்றும், வண்டி வராத தரையும், நண்பர் கூட்டமும் அங்கே கிடைக்கின்றன. முன்பு புங்கமர நிழல் தந்த மூன்றும் அவையே. வேறுபாடு ஒன்றுதான். அங்கே நிற்கக் காசு வேண்டும். 2023-இல் சாங்கி சாலையில் மேம்பாலம் கட்டும் திட்டம் வந்தபோது, மரங்கள் போய்விடும் என்று இவ்வட்டாரத்து முதியோரும் மாணவரும் ஒன்றாகத் தெருவிலிறங்கி எதிர்ப்புத் தெரிவித்தனர். அக்கூட்டத்தில் நம் குடியிருப்புப் பிள்ளைகள் சிலரும் பதாகை ஏந்தி நின்றனர். நிழலின் அருமையை அவர்களுக்கு யாம் கற்பிக்கவில்லை.

செயற்குழுவின் சென்ற கூட்டத்தில் கெனரா யூனியன் செய்தியை யாம் எடுத்துரைத்தோம். மறுத்தவர்களுள் மூத்தவர் ஒருவர் நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "கண்ணாடிக்குக் கம்பிவலை அடிக்க என்ன செலவாகும்?" என்று கேட்டார். கணக்குப் பார்த்தோம்; இரண்டு நாள் வாடகைக்கும் குறைவு. அதன்படி வரும் சித்திரை முதல் நாள் தொடங்கி, திருமணமோ கண்காட்சியோ இல்லாத எல்லா நாள்களிலும், காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை நம் மண்டபம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும். ஒவ்வொரு நாளும் இரு பெரியவர்கள் காவல் இருக்க வேண்டும்; பெயர்ப் பட்டியல் அலுவலக அறையில் தொங்குகிறது, இன்னும் பதினேழு நாள்களுக்கு ஆள் தேவை. வலை வாங்கியாயிற்று. பல்லாங்குழிப் பலகை இரண்டே உள்ளன. பரணில் பழைய பலகையோ சோழியோ வைத்திருக்கும் அன்பர்கள் பங்குனி முடிவதற்குள் கொணர்ந்து தந்தால் நன்றியுடையோம்.